வாசலில் இருந்த சந்தை
ஒரு மிளகாய்த்தூள் கொப்பி சொல்லித் தந்த பாடங்கள்

சுயதொழில் செய்யும் சகோதரிகள் பலரைச் சந்திக்கிறேன். "செய்யத் தெரியும் அக்கா, விற்கத்தான் தெரியாது" என்பதே அவர்களுள் அதிகமானோரின் கவலை. பயிற்சி வகுப்புக்குப் போகிறோம், சான்றிதழ் வாங்குகிறோம், பொருளையும் நன்றாகச் செய்கிறோம். பிறகு அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் வீட்டு மூலையில் அடுக்கி வைக்கிறோம். நானும் அப்படி அடுக்கி வைத்தவள்தான். அந்த அனுபவத்தை என் கடன் கொப்பியைப் பார்த்துப் பார்த்தே இங்கு எழுதுகிறேன். யாராவது ஒரு சகோதரிக்குப் பயன்பட்டால் போதும்.

என் வீடு யாழ்ப்பாணம், மருதனார்மடத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு ஊரில் இருக்கிறது. கணவர் மேசன் வேலை செய்தவர். 2016ஆம் ஆண்டின் இறுதியில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. எட்டு மாதங்கள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அப்போது மூத்தவன் நாலாம் வகுப்பு, இளையவள் முதலாம் வகுப்பு. எனக்குக் கைவந்தது என் அம்மம்மா சொல்லித் தந்த மிளகாய்த்தூள் ஒன்றுதான். செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம் தலா 100 கிராம், வெந்தயமும் மஞ்சளும் 50 கிராம் வீதம், ஒரு பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதம் பார்த்து வறுத்து மில்லில் திரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வறுத்தால் சீரகம் கருகிவிடும், மல்லி பச்சையாக நிற்கும்.

2017 மாசியில் தொடங்கினேன்.

முதலில் விட்ட பிழை

வியாபாரம் என்றால் பட்டணத்துக் கடை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். நுண்கடன் நிறுவனம் ஒன்றில் 50,000 ரூபாய் எடுத்தேன். வாரம் 1,250 ரூபாய் வீதம் 52 வாரங்கள் கட்ட வேண்டும். மொத்தம் 65,000 ரூபாய். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வசூலிப்பவர் வந்துவிடுவார். பணம் இல்லையென்றால் குழுவிலிருந்த மற்றப் பெண்கள் என் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்ததை வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சுமை எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பட்டணத்துப் பெரிய கடையொன்று என் தூளை வைப்பதற்குச் சம்மதித்தது. 250 கிராம் பைக்கற் 180 ரூபாய். அதில் நூற்றுக்கு இருபது கடைக்கு. விற்ற பின்னர்தான் காசு, விற்காதது திரும்பி வரும். 60 பைக்கற் கொடுத்தேன். நாலு மாதங்களில் விற்றது 38. மிச்சம் 22 பைக்கற்றும் நிறம் மங்கித் திரும்பி வந்தன. கைக்கு வந்த காசு 5,472 ரூபாய். ஒரு பைக்கற்றுக்கு எனக்கு முடிந்த செலவு 120 ரூபாய். ஆகவே 60 பைக்கற்றுக்கு 7,200 ரூபாய். பஸ் செலவைச் சேர்க்காமலே 1,728 ரூபாய் நட்டம்.

கடைக்காரரில் பிழையில்லை. அவருடைய தட்டில் பத்து வகைத் தூள் இருந்தது. அங்கே வருபவர்களுக்கு என்னைத் தெரியாது, என் கையைத் தெரியாது. விளம்பரம் செய்யப்பட்ட பெயர்களுக்கு நடுவில் என் பைக்கற் வாய் பேசாமல் இருந்தது. அவ்வளவுதான்.

70 வீடுகள்

திரும்பி வந்த பைக்கற்றுகளை வைத்துக்கொண்டு ஒருநாள் இரவு கணவரும் நானும் கணக்குப் பார்த்தோம். எங்கள் பகுதியில் 180 வீடுகள் வரை இருக்கின்றன. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் அரைக் கிலோ தூள் வேண்டும். அதாவது இரண்டு பைக்கற். பட்டணத்துக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே 160 ரூபாய்க்குக் கொடுத்தால் ஒரு பைக்கற்றில் 40 ரூபாய் மிஞ்சும். 50 வீடுகள் வாங்கினால் மாதம் 4,000 ரூபாய். அது கடன் தவணைக்கே போதாது. 70 வீடுகள் வாங்கினால் 5,600 ரூபாய். தவணையைக் கட்டிக் கொஞ்சம் கையிலும் இருக்கும்.

அன்றிலிருந்து எனக்குத் தேவைப்பட்டது 70 வீடுகள். அவற்றுள் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சின்ன வயதிலிருந்தே போய் வந்திருக்கிறேன். அவர்களுடைய படலையைத் திறக்க எனக்கு ஒரு முகவர் தேவையில்லை.

ஆனால் தெரிந்தவர்களிடம் விற்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. "சொந்தக்காரரிட்டைக் காசு வாங்குறதோ" என்று மாமி முகம் சுளித்தார். எனக்கும் நாக்கு எழவில்லை. அதனால் முதல்முறை விற்கப் போகவில்லை. சின்னக் கடதாசிச் சரைகளில் இரண்டு கறிக்குப் போதுமான தூளை மடித்து, "சமைச்சுப் பார்த்துக் குறை சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். குறை கேட்டால் நம்மவர்கள் தாராளமாகச் சொல்வார்கள். அது எனக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

ஊர் யாரிடம் கேட்கும்?

எங்கள் ஊரில் கலியாணம், அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எதுவானாலும் சமைப்பவர் ஒரு ஐயா. சாமான் பட்டியலை அவர்தான் சொல்வார். எந்தக் கடையில் எந்தத் தூள் என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லை. அவருக்கு அரைக் கிலோ தூள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "வெந்தயம் ஒரு பொட்டுக் கூடிப்போச்சுது பிள்ளை. பெரிய கிடாரத்திலை கசக்கும்" என்றார். அடுத்த தடவை குறைத்தேன். மூன்றாவது தடவை ஒரு முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு ஐந்து கிலோவுக்குச் சொல்லியனுப்பினார். அந்தச் சாப்பாட்டுக்கு வந்த பதினொரு வீடுகள் அந்த மாதமே என்னிடம் வாங்கத் தொடங்கின.

உங்கள் பொருளைப் பற்றி ஊர் யாரிடம் கேட்கும் என்று முதலில் யோசியுங்கள். தையல் என்றால் துணிக்கடையில் நிற்கும் பிள்ளையாக இருக்கலாம். சத்துமா என்றால் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். அந்த ஒருவருக்குப் பிடிக்காத பொருளை நூறு பேருக்கு விற்க முடியாது. அவருக்குக் கையூட்டுக் கொடுக்கத் தேவையில்லை, அவர் சொல்லும் குறையைத் திருத்தினால் போதும்.

கேட்டதனால் கிடைத்த சரக்குகள்

குறை சொன்னவர்களின் பேச்சை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். "எங்கட அவருக்கு அல்சர், உறைப்புக் கூடாது" என்று ஆறு வீடுகளில் சொன்னார்கள். மிளகாயைப் பாதியாக்கி மல்லியைக் கூட்டி ஒரு தூள் செய்தேன். "மகளுக்குப் பிள்ளைப்பேறு, பத்தியச் சரக்கு அரைக்க ஆளில்லை" என்றார் ஒரு மாமி. முன்பெல்லாம் வீட்டு ஆச்சிமார் அரைத்தது. இன்று ஆச்சியும் இல்லை, அம்மியும் இல்லை. மிளகு, மல்லி, மஞ்சள், சீரகம் சேர்த்து அவருக்குச் செய்து கொடுத்தேன். இன்று அது என் முக்கியமான சரக்குகளில் ஒன்று.

ஊரின் நாட்காட்டியையும் படித்தேன். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் மச்சம் இல்லை. தூள் விற்பனை குறையும். அந்த நாட்களில் வறுத்த அரிசிமாவும் உளுத்தம்மாவும் செய்தேன். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை மா. ஆடி, ஆவணியில் கனடா, சுவிஸ், லண்டனிலிருந்து வருபவர்கள் திரும்பும்போது இரண்டு மூன்று கிலோ கொண்டு போவார்கள். அவர்களுக்கு இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் சீல் பண்ணிக் கொடுத்தேன். அரசாங்க உத்தியோகத்தர் வீடுகளில் சம்பளம் வரும் மாதக் கடைசியில் 500 கிராம் பைக்கற். கூலி வேலைக்குப் போகும் வீடுகளுக்கு 50 கிராம் பைக்கற். ஒரே ஊர்தான், ஆனாலும் ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது.

சொந்தப் போத்தல் கொண்டு வருபவர்களுக்கு 10 ரூபாய் குறைத்தேன். பையும் லேபலும் எனக்கு 8 ரூபாய்தான். இரண்டு ரூபாய் நட்டம் என்று கணவர் சிரித்தார். ஆனால் போத்தலோடு வருபவர் வேறு கடைக்குப் போவதில்லை.

கடன் கொப்பி

ஊருக்குள் வியாபாரம் செய்தால் கடன் கொடுக்காமல் முடியாது. ஆனால் கொடுத்துக்கொண்டே போனால் தொழிலும் போகும், உறவும் போகும். முதல் மூன்று மாதங்களில் எனக்கு 6,000 ரூபாய்க்கு மேல் வெளியில் நின்றது. காசு தர வேண்டியவர்கள் என்னைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போனார்கள். அவர்களுக்கு வெட்கம், எனக்கு நட்டம்.

பிறகு ஒரு விதி வைத்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு பைக்கற்தான் கடன். அந்தக் காசு வந்த பின்னர்தான் அடுத்தது. என் அம்மாவுக்கும் அதே விதி. ஆளுக்கொரு விதி வைத்தால்தான் கோபம் வரும், எல்லோருக்கும் ஒன்று என்றால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. கடன் கொப்பியில் வாங்குபவரையே எழுதச் செய்தேன். எழுதத் தெரியாத ஆச்சிமாருக்கு என் மகள் எழுதி வாசித்துக் காட்டுவாள்.

அந்தக் கார்த்திகை மழை

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கடினமானது.

2017 கார்த்திகையில் நாலைந்து நாட்கள் விடாத மழை. செத்தல் சரியாகக் காயவில்லை. திங்கட்கிழமைத் தவணை நெருங்கியதால் அவசரப்பட்டு வறுத்துத் திரித்தேன். மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அதைக் கடதாசியில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பின்னர்தான் பையில் போட வேண்டும். அன்று நான் சூட்டோடு கட்டினேன். 40 பைக்கற். உள்ளே ஆவி வேர்த்து ஈரமாகிவிடும் என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. தெரிந்தே செய்தேன்.

பத்து நாட்கள் கழித்து ஒரு அன்ரி பைக்கற்றுடன் வந்தார். "கோவியாதை பிள்ளை. கட்டிபட்டுப் பூஞ்சணம் மணக்குது" என்று மெதுவாகச் சொல்லி என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

அந்த 40இல் 27 விற்றாகிவிட்டது. "27 பேரிலை ஒராள்தானே சொன்னவ. அவவுக்கு மாத்திக் குடுத்திட்டுச் சும்மா இரு. ஊரெல்லாம் தண்டோரா போடப் போறியோ?" என்றார் மாமி. இரவு முழுவதும் எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. 27 பைக்கற்றின் விலை 4,320 ரூபாய். கையில் இருந்தது சீட்டு எடுத்த 5,000 ரூபாய். பிள்ளைகளுக்குப் புதுவருடச் சப்பாத்தும் பாடசாலைப் பையும் அதில்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அந்தத் தூளில் பத்தியச் சரக்கு வாங்கிய மாமி வீட்டுக்கும் ஒரு பைக்கற் போயிருந்தது. அந்த வீட்டில் பிள்ளை பெற்று ஒரு மாதமான பெண் இருக்கிறாள். அதை நினைத்ததும் என்னால் படுத்திருக்க முடியவில்லை.

விடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு குடையோடு புறப்பட்டேன். 27 வீடுகளுக்கும் இரண்டு நாட்களில் போய் முடித்தேன். "என்ரை பிழை. ஆறவிடாமல் கட்டிப்போட்டன். சமைக்காதேங்கோ" என்று சொல்லி, காசு கேட்டவர்களுக்குக் காசும் மற்றவர்களுக்குப் பிறகு புதுத் தூளும் கொடுத்தேன். மிச்சம் 13 பைக்கற்றையும் சேர்த்துப் புதைத்தேன். சில வீடுகளில் ஏற்கெனவே சமைத்து முடித்திருந்தார்கள். ஒரு வீட்டில் நன்றாக ஏச்சு வாங்கினேன். இரண்டு வீடுகள் அதன் பிறகு என்னிடம் வாங்கவேயில்லை. இன்றுவரை வாங்கவில்லை.

பின்னர் எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நானாகவே போய்க் கேட்டேன். ஈரம் பட்ட மிளகாயில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் என்றும், அது ஈரலைப் பாதிக்கும் என்றும், வறுத்தாலும் சமைத்தாலும் முழுமையாக அழியாது என்றும் விளக்கினார். அதைக் கேட்டபோது எனக்குக் கை கால் நடுங்கியது. வெயில் போட்டுக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று அந்த 13 பைக்கற்றையாவது காப்பாற்ற நினைத்திருந்தேனே!

அந்த வருடம் பிள்ளைகள் பழைய சப்பாத்தோடுதான் பாடசாலைக்குப் போனார்கள். ஆனால் தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு மாற்றத்தைக் கண்டேன். முன்பு என்னிடம் வாங்காத வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "பிழையெண்டால் நீயே வந்து சொல்லுவாய்தானே" என்றார் ஒரு ஆச்சி. 2018 ஆடிப்பிறப்புக்கு முன்னரே 70 வீடுகள் நிறைந்து, கொப்பியில் 83 பெயர்கள் இருந்தன. கடனையும் பங்குனியிலேயே கட்டி முடித்திருந்தேன். திரும்பக் கடன் எடுக்கவில்லை.

போட்டியா, துணையா?

2019இல் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு தங்கச்சி தூள் விற்கத் தொடங்கினாள். என்னைவிட 10 ரூபாய் குறைவு. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நானும் 15 ரூபாய் குறைப்பதாக இருந்தேன். கணவர்தான் மறித்தார். "இரண்டு பேரும் குறைச்சுக் குறைச்சு இரண்டு பேரும் பட்டினி கிடக்கப் போறியளோ?"

அவளிடம் போய்ப் பேசினேன். அவளுக்கு மா இடிப்பதிலும் வறுப்பதிலும் என்னைவிடக் கை நேர்த்தி. ஒடியல் மாவும் செய்வாள். தூள் எனக்கு, மா அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். என் வீட்டில் அவளுடைய மாவும் அவள் வீட்டில் என் தூளும் இருக்கும். சுன்னாகம் சந்தைக்கு ஒன்றாகப் போய் மூடைக் கணக்கில் வாங்குவதால் இருவருக்கும் விலை குறைந்தது.

விலை ஏறிய காலம்

2022ஐ யாராலும் மறக்க முடியாது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், வைகாசியில் 360 ரூபாயை எட்டியது. செத்தல் மிளகாயில் பெரும் பகுதி இந்தியாவிலிருந்து இறக்குமதியாவது. விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மில்லில் கரண்ட் வரும் நேரம் பார்த்து இரவிலும் காத்திருந்தோம்.

அப்போது சிலர் பைக்கற்றின் விலையை மாற்றாமல் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். நான் செய்யவில்லை. மிளகாய் வாங்கிய பற்றுச்சீட்டை வாசலில் ஒட்டி, "இந்த விலைக்கு வாங்கினேன், இந்த விலைக்குத் தருகிறேன்" என்று எழுதி வைத்தேன். பலர் அரைவாசியாகக் குறைத்து வாங்கினார்கள். ஆனால் என்னைவிட்டுப் போகவில்லை. என்னை அன்று காப்பாற்றியது 50 கிராம் பைக்கற்தான்.

தொடங்கப் போகும் சகோதரிகளுக்கு

* முதலில் வீடுகளை எண்ணுங்கள். எத்தனை வீடுகள் வாங்கினால் உங்கள் செலவு போக மிஞ்சும் என்று கணக்குப் பாருங்கள். விறகு, மில் கூலி, பை, பஸ் எல்லாவற்றையும் சேருங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போடுங்கள்.
* கடன் எடுத்துச் சரக்கை நிறைக்காதீர்கள். விற்ற காசில் அடுத்த சரக்கைச் செய்யுங்கள்.
* மாதர் சங்கக் கூட்டம், சனசமூக நிலையம், முன்பள்ளி வாசல் ஆகியவை நல்ல இடங்கள். ஆனால் ஒரே இடத்தில் தினமும் நின்று தொல்லை கொடுக்காதீர்கள். இப்போது ஊர்ப் பெண்களுக்கு வட்ஸ்அப் குழுக்களும் உண்டு. வாரம் ஒரு செய்தி போதும்.
* வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து உங்கள் சமையற்கட்டைக் காட்டுங்கள். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இடுவியுங்கள்.
* லேபலில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், விலை, முகவரி இருக்கட்டும். தொகுதி இலக்கமும் கொப்பியும் இருந்தால்தான் பிழை வந்த நாளில் எந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்று தெரியும்.
* குறை சொல்பவரை விரோதியாக நினைக்காதீர்கள். சொல்லாமல் வேறு கடைக்குப் போகிறவரால்தான் நட்டம்.

இன்று கணவர் மெல்லிய வேலைகள் செய்கிறார். காலையில் சைக்கிளில் தூள் கொண்டுபோய்க் கொடுப்பவரும் அவர்தான். மூத்தவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டான். நான் பணக்காரி ஆகிவிடவில்லை. மாதம் முடிய யாரிடமும் கைநீட்டாமல் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பழைய கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். மழையில் நனைந்து மை பரவிய பக்கம் ஒன்று அதில் உண்டு. 27 பெயர்களுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சரி அடையாளம். புதிதாகத் தொழில் தொடங்க யோசனை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன்.